அந்த வருடத்து த்ராஷ் ஆல்பங்களும் என் மகளின் காதுகளும்

அந்த வருடம் வெளிவந்த த்ராஷ் மெட்டல் ஆல்பங்களில் எவை சிறந்தவை என்று பேச நான் ஒப்புக்கொண்ட அதே வாரத்தில்தான், என் மகள் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதைக் கவனித்தேன்.

நான் படிப்பிக்கும் பாடசாலை விட்டதும் அவளைக் கூட்டிப்போகத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் போயிருந்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. கதவின் கீல் துருப்பிடித்தது, திறந்தால் கிறீச்சிடும். அன்றும் கிறீச்சிட்டது. பாயில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. என் மகள் மட்டும் முதுகைக் காட்டியபடி ஒரு பிளாஸ்டிக் மூடியை இன்னொரு மூடிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பக்கத்துப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. அது எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று திரும்பியபோதுதான் அவள் என்னைக் கண்டாள். கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

ஒன்றரை வயதைத் தாண்டியும் அவளுக்கு ஒரு சொல் வரவில்லை. அதுவரை நான் அதை மெதுவாக வரும் பேச்சு என்று எண்ணியிருந்தேன். அன்று வீடு வரும் வழியெல்லாம் அவளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஒரு தடவை திரும்பினாள். அது என் குரலுக்கா, வழியில் போன நாய்க்கா என்று தெரியவில்லை.

த்ராஷ் மெட்டல் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிட்டார் நரம்பை உள்ளங்கையின் ஓரத்தால் அழுத்தி, ஒலியை நீளவிடாமல் வெட்டி வெட்டி மீட்டுவார்கள். டிரம்ஸ்காரர் இரண்டு காலாலும் பெரிய டிரம்மை மிதிப்பார். பாடகர் போரைப் பற்றியும் பேராசையைப் பற்றியும் பொய் சொல்லும் தலைவர்களைப் பற்றியும் கத்துவார். வெளியே நின்று கேட்டால் வெறும் இரைச்சல். உள்ளே போனால் இம்மியும் பிசகாத ஒழுங்கு. கல்வியியற் கல்லூரி விடுதியில் பண்டாரவளைப் பக்கத்துச் சிங்களத் தோழி ஒருத்தி தன் இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாள். அன்று பிடித்தது. எனக்குக் கோபப்படத் தெரியாது. நேரம் தவறாமல், ஒழுங்காகக் கோபப்படுகிறவர்களைக் கேட்டதும் பெரிய நிம்மதியாக இருந்தது.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பவள் நான் ஒருத்திதான் என்று பல வருடம் நினைத்திருந்தேன். பிறகு போனில் ஒரு குழு அகப்பட்டது. மட்டக்களப்பில் ஒரு தம்பி, யாழ்ப்பாணத்தில் இருவர், தமிழ்நாட்டில் சிலர், மலேசியாவில் ஓர் அக்கா. எல்லோரும் தமிழில்தான் பேசுவோம். வருட முடிவில் ஆளுக்கு ஒரு வகையை எடுத்துக்கொண்டு, அந்த வருடத்து நல்ல ஆல்பங்களைப் பற்றிக் குரல் பதிவு அனுப்புவது வழக்கம். அந்த முறை த்ராஷ் என் பொறுப்பு. "டீச்சர் பேசினா ஒழுங்கா இருக்கும்" என்று மலேசிய அக்கா சொன்னார். ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன்.

பிள்ளை திரும்பாததை முதலில் அண்ணியிடம்தான் சொன்னேன். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. அடுத்த காம்பராவில் இருக்கிறார். தாயில்லாத என் கணவரை வளர்த்தவர் அவர்தான். என் கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒரு முறை வருவார். ஆகவே என் மகளுக்கும் பாதித் தாய் அண்ணிதான். காலையில் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விடுவதும், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வார்ப்பதும் அவர். அவருடைய பேச்சில் பாதி கிண்டலாக இருக்கும். லயத்தில் வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாததால், நான் பாட்டை மெல்லப் போட்டாலும் அவருக்குக் கேட்கும். "என்னா டீச்சரம்மா, உங்க ஆளுங்க இன்னும் தகரம் கிழிச்சு முடிக்கலையா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

அன்று அவர் கிண்டல் பண்ணவில்லை. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னா நீ கோவிச்சுக்குவ."

"சொல்லுங்க அண்ணி."

"அந்தப் பாட்டுதான். வயித்துல இருக்கிற நேரமும் அதத்தானே கேட்டுக்கிட்டு கெடந்த? பச்சப் புள்ள காது அது. தாங்குமா?"

நானும் அதைத்தான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். வயிற்றில் இருந்தபோது இயர்போனில் கேட்டேன். அது பிள்ளைக்குப் போயிருக்காது. பிறந்த பிறகு சின்ன ஸ்பீக்கரில் கேட்டேன், மெல்லத்தான் வைத்தேன். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? எனக்கு மெல்ல என்பது அவளுக்கும் மெல்லவா? கிட்டார் தனியாக வாசிக்கும் இடம் வந்தால் என் விரல் தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டும். எத்தனை தடவை கூட்டினேன்?

கணவர் போனில், "கொஞ்ச நாளைக்கு அத நிப்பாட்டித்தான் பாரேன்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதனாலேயே நெஞ்சில் தைத்தது.

நிறுத்தினேன். ஸ்பீக்கரைப் பெட்டகத்துக்குள் வைத்தேன். மறுநாளே பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிப்போனேன். அங்கே இருந்த மிட்வைஃப் மிஸ், "சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும், பயப்படாதீங்க" என்றார்.

"பேச்சு இல்ல மிஸ். திரும்புறதே இல்ல."

"எனக்கு திரும்பினாளே இப்ப?"

"நீங்க கைய ஆட்டினீங்க."

அவர் பதுளை ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். கிடைத்த திகதி சில வாரங்கள் தள்ளி இருந்தது. இடைப்பட்ட நாட்களில் செய்யச் சொல்லி ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கோ சும்மா இருக்கத் தெரியாது.

சில வாரங்கள் வீட்டில் பாட்டே இல்லை. பிள்ளையில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் கூப்பிட்டால் திரும்பாதவள், அண்ணி கூப்பிட்டால் சில வேளை திரும்பினாள். எனக்கு முதலில் வந்தது பொறாமை. பிறகுதான் யோசனை வந்தது. என் குரல் மெல்லிய, கீச்சென்ற குரல். வகுப்பில் பிள்ளைகளே பின்னால் பாவனை செய்து சிரிப்பார்கள். அண்ணியின் குரல் கனமானது. மலையின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தில் கொழுந்து எடுப்பவரைக் கூப்பிடுகிற குரல். பிள்ளை எங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லையோ? ஒரு குரல் போய்ச் சேருகிறது, இன்னொன்று சேரவில்லை என்பதுதானோ?

அன்று பெட்டகத்தைத் திறந்து ஸ்பீக்கரை வெளியே எடுத்தேன். சரியா பிழையா என்று நிச்சயமில்லாமல்தான் எடுத்தேன். ஆனால் டொக்டர் கேட்டால் சொல்ல எனக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு ஆழமாகத் தெரிந்த ஒலிகள் இவைதான்.

அந்த வருடம் நான் தேர்ந்து வைத்திருந்தவை நான்கு ஆல்பங்கள். அவற்றை அட்டைப் படத்தை வைத்துத்தான் எனக்குள் கூப்பிடுவேன்.

புகைபோக்கி: எரியும் தொழிற்சாலைப் புகைபோக்கியின் படம் போட்டது. அறுபது வயதைத் தாண்டிய அமெரிக்கர்கள். இந்த வயதில் இந்த வேகம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். இரண்டாவது பாட்டுக்கு வருவதற்குள் அந்தக் கேள்வி மறந்துபோகும். இளமையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டியவர்கள், இப்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்துகிறார்கள். குழுவில் எல்லோருக்கும் இதுதான் முதலிடம்.

சுவர்: வட ஐரோப்பியக் குழு ஒன்று. அட்டையில் வெறும் சாம்பல் நிறச் சுவர். வேகம் குறைவு, கனம் அதிகம். டிரம்மின் ஒவ்வொரு மிதியும் மண்ணில் மூட்டை விழுவதுபோல் விழும். நல்ல வேலைப்பாடு, ஆனால் ஐந்தாவது பாட்டும் எட்டாவது பாட்டும் ஒன்றுபோல இருந்தன.

தையல் மெஷின்: ஜாவாத் தீவிலிருந்து. பாடுவது ஒரு பெண். கார்மென்ட் வேலையைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. மொழி புரியாவிட்டாலும், தையல் ஊசி ஓடும் தாளத்தைக் கிட்டார் பிடித்திருக்கும். என் வகுப்பில் படித்து முடித்துக் கார்மென்ட் வேலைக்குப் போன பெண்பிள்ளைகளை நினைக்காமல் அதை என்னால் கேட்க முடியாது.

நாய்: தென் அமெரிக்க மலை நகரம் ஒன்றின் மூன்று இளைஞர்கள். மலிவான கருவிகளில் பதிந்தது தெரியும். அடிநாதமே இல்லை. எல்லாம் மேலே, தகரத்தில் ஆணி கீறுவதுபோல. ஆனால் அந்த மூவரும் ஒருவர் மீது ஒருவர் விழுந்து ஓடுவதுபோல வாசிப்பதில் ஓர் ஆபத்து இருந்தது. அடுத்த நொடி மூன்று பேரும் தடுமாறி விழுவார்கள் என்று நினைப்போம். விழமாட்டார்கள்.

ஸ்பீக்கரை மரப் பெட்டகத்தின் மேல் வைத்து, மெல்லிய சத்தத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். பிள்ளை மூலையில் முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். புகைபோக்கிக்குத் தலை நிமிரவில்லை. நாய்க்கும் இல்லை. சுவர் ஆரம்பித்து டிரம் விழுந்ததும் எழுந்தாள். நேராகப் பெட்டகத்தருகே வந்து, அதில் உள்ளங்கையை வைத்து, வாயைத் திறந்தபடி நின்றாள்.

எனக்கு அழுகை வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. கேட்டு வந்தாளா, தரைப் பலகை அதிர்ந்ததால் வந்தாளா? பலகையின் அதிர்வைக் காது கேளாத பிள்ளையும் உணருமே.

மறுநாள் ஸ்பீக்கரைத் துணிப் பையில் போட்டு, துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டேன். அது எந்தப் பலகையையும் தொடவில்லை. பிள்ளையைக் கட்டிலின் மேல் பஞ்சு மெத்தையில் உட்காரவைத்தேன். சுவரைப் போட்டேன். திரும்பினாள். அண்ணாந்து பையைப் பார்த்தாள். நிறுத்தினேன். பொறுத்திருந்து மறுபடி போட்டேன். மறுபடி திரும்பினாள். தையல் மெஷினில் பேஸ் கிட்டார் மட்டும் ஒலிக்கும் இடத்துக்குத் திரும்பினாள். அந்தப் பெண் பாடத் தொடங்கியதும் ஆர்வம் போய்விட்டது. நாயைப் போட்டேன். ஒன்றுமில்லை. சத்தத்தைக் கூட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினேன்.

அடுத்த வீட்டுப் பக்கமிருந்து சுவரில் அடி விழுந்தது. "ஏய் புள்ள! நிப்பாட்டுறேன்னு சொன்னியா இல்லியா நீ?"

நிறுத்திவிட்டு அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். பிள்ளை சுவர் ஆல்பத்துக்குத் திரும்பினாள், நாய்க்குத் திரும்பவில்லை.

"இதுல என்னா தெரியுது உனக்கு?"

"கனத்த சத்தம் கேக்குது அண்ணி. மெல்லிய சத்தம்தான் போய்ச் சேரல. உங்க குரல் கேக்குது, என் குரல் கேக்கல."

"என் குரல் எருமக் குரல்னு சொல்ற" என்றார் அண்ணி.

"சொல்லல அண்ணி."

"சொல்லு, சொல்லு. பதுளைக்கு நானும் வர்றேன். ஒரு நாள் பேர் போனா போகுது."

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியும் பெயர். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால்கூட அவர் அதை விடுகிறவர் இல்லை.

நாங்கள் போன நாளில் மழை. பசறைக்கு வரும் வழியில் ஒரு வளைவில் மண் சரிந்து, பஸ் அப்பால் போகாது என்று இறக்கிவிட்டார்கள். திரும்பிப் போய்விடலாமா, வேறு திகதி கேட்கலாமா, மழையில் பிள்ளைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில், அண்ணி பிள்ளையை முதுகில் போட்டு, மலையில் மழைக்குக் கட்டும் தன் படங்குத் துணியால் இருவரையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். "வா" என்றார். சரிவின் ஓரமாகச் சேற்றில் நடந்து, அந்தப் பக்கம் காத்திருந்த பஸ்ஸில் ஏறினோம். அன்று என்ன ஆனாலும் டொக்டரைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டொக்டர் கொஞ்சம் தமிழும் நிறையச் சிங்களமும் பேசிய இளைஞர். பிள்ளை எதற்குத் திரும்புகிறாள், எதற்குத் திரும்புவதில்லை என்று கேட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல ஒப்பித்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

"பாட்டு போட்டு."

"என்ன பாட்டு?"

"கிட்டார் பாட்டு" என்றேன்.

"பேய்ப் பாட்டுங்க டொக்டர்" என்றார் அண்ணி. "அதனாலதான் காது போச்சுன்னு நான் சொல்றேன். நீங்களே இவகிட்ட சொல்லுங்க."

டொக்டர் சிரிக்கவில்லை. நெற்றி விளக்கைப் போட்டுப் பிள்ளையின் வலது காதைப் பார்த்தார். பிறகு இடது. மறுபடி வலது. தாதியிடம் ஏதோ கேட்டார். பிள்ளையை ஒரு துணியில் இறுகச் சுற்றி அண்ணியின் மடியில் வைக்கச் சொன்னார்கள். தாதி தலையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை கத்திய கத்து வெளியே வரிசையில் இருந்தவர்களை எட்டிப்பார்க்க வைத்தது. நான் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

சில்வர் கிண்ணத்தில் ஏதோ விழுந்தது. கருப்பாக, பட்டாணி அளவில். அதன் பின் இன்னொன்று. மற்றக் காதிலிருந்தும் எடுத்தார். டொக்டர் ஒன்றை இடுக்கியால் பிரித்தார். அது பிரியப் பிரிய நார் நாராக வந்தது. உள்ளே கொஞ்சம் வெள்ளை இருந்தது.

பஞ்சு.

"யார் வச்சது இத?" என்று தமிழில் கேட்டார்.

"நான்தாங்க" என்றார் அண்ணி. குரல் தயங்கவில்லை. "சனிக்கெழம தண்ணி வார்க்கிற நேரம் காதுக்கு ரெண்டு சொட்டு நல்லெண்ண விடுவேன். எங்க மலையில குளுரு அப்படி. காத்து ஏறாம பஞ்சு வச்சு விடுவேன். மறுநா பாத்தா இருக்காது. விழுந்துருச்சுன்னு நெனச்சேன்."

டொக்டர் எனக்குச் சிங்களத்தில் விளக்கினார். விழவில்லை, உள்ளே போயிருக்கிறது. அடுத்த வாரத்துப் பஞ்சு அதை இன்னும் தள்ளியிருக்கிறது. எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து இறுகி அடைத்துவிட்டது. கனத்த ஒலி கொஞ்சம் ஊடுருவும், மெல்லியவை நின்றுவிடும். நான் அதை அண்ணிக்குச் சொன்னேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ அப்பனுக்கும் நான்தான் விட்டேன் டொக்டர். பஞ்சும் வச்சேன். அவனுக்கு என்னா, நல்லாத்தானே இருக்கான்?"

"நான் சொல்றது ஒண்ணும் அவருக்குக் கேக்குறதே இல்ல" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. முதலில் தாதி சிரித்தார். பிறகு டொக்டர். அண்ணி என்னை முறைத்தார்; முறைத்தபடியே அவருக்கும் வாய் கோணியது.

இன்னொரு அறையில் பிள்ளையை என் மடியில் வைத்து, அவள் பார்க்காத பக்கத்திலிருந்து ஒலிகளை விட்டுப் பார்த்தார்கள். ஒரு சின்ன மணி ஒலித்ததும் சட்டென்று தலையைத் திருப்பினாள். மிக மெல்லிய மணி அது. எனக்கே கேட்டும் கேளாமலும் இருந்தது. காதுச் சவ்வு நன்றாக இருக்கிறது, பேச்சு மெல்ல வரும், நிறையப் பேசுங்கள், மறுபடி கூட்டி வாருங்கள் என்றார்கள். எண்ணெய் வேண்டாம், பஞ்சு வேண்டாம். நான் பாட்டைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம், ஆனால் தெரிந்துகொள்ளாமல் என்னால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டொக்டர். ஆனால் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் சத்தத்தை நன்றாகக் குறைத்தே வைக்கச் சொன்னார். தலையாட்டினேன். நியாயமான பேச்சு.

திரும்பும் பஸ்ஸில் டிரைவர் ஹோர்ன் அடித்தபோதெல்லாம் பிள்ளை திடுக்கிட்டு அண்ணியின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். பக்கத்துச் சீட்டில் ஒருவர் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று மடித்தார்; அதை இவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தாள். உலகம் இவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பசறை தாண்டியதும் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி, "குளுருக்குத்தான் வச்சேன்" என்றார்.

"தெரியும் அண்ணி."

"உம் புருஷங்கிட்ட நீ சொல்லாத. நானே சொல்றேன்."

"சரி."

"லயத்துல நாலு வீட்டுல பச்சப் புள்ள இருக்கு. எல்லா வீட்டுலயும் இதத்தான் செய்றாளுக. நான்தான் சொல்லிக் குடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "போனதும் ஒவ்வொரு வீடா போறேன். காத பாக்கச் சொல்றேன். என்னா சொன்னாலும் சொல்லட்டும்."

போனார். அன்று மாலையே, சேறு படிந்த காலைக்கூடக் கழுவாமல் போனார். ஒரு வீட்டில், "உங்க புள்ளைக்கு ஆனா எங்க புள்ளைக்கும் ஆகுமா?" என்று சண்டைக்கு வந்ததும், "ஆகாட்டி நல்லது. கிளினிக்குல காட்டிட்டு வந்து என்னைய வையி" என்று இவர் சொன்னதும் கூரை வழியே எனக்குக் கேட்டது. பிள்ளையைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவளும் கேட்கட்டும் என்று.

பதிவு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. வேறு யாரையாவது செய்யச் சொல்லலாமா என்று இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அழித்தேன். சொன்னதைச் செய்வது என்று முடிவெடுத்தேன். பாடசாலை விட்டபின் யாருமில்லாத வகுப்பில் உட்கார்ந்து நான்கு ஆல்பங்களையும் முதலிலிருந்து கேட்டேன். அவற்றை இத்தனை நாளும் மருத்துவக் கருவியாக அல்லவா கேட்டிருந்தேன்? இப்போதுதான் மறுபடி பாட்டாகக் கேட்டேன்.

நாயை முதலிடத்தில் வைத்தேன். என் மகளுக்குக் கேட்காமல் போன ஆல்பம் என்பதால் வைக்கிறேனா என்று என்னையே விசாரித்தேன். அதற்காக மறுபடி ஒருமுறை புகைபோக்கியைக் கேட்டேன். புகைபோக்கியில் எல்லாம் தெரிந்தவர்களின் நிதானம் இருந்தது. நாயில் எதுவும் நிச்சயமில்லாதவர்கள் நிற்காமல் ஓடும் துணிச்சல் இருந்தது. த்ராஷில் எனக்கு வேண்டியது இரண்டாவதுதான். புகைபோக்கி இரண்டாவது, தையல் மெஷின் மூன்றாவது. சுவருக்கு நன்றிக்கடன் இருந்தாலும் நாலாவதுதான். நன்றிக்காக இடத்தை மாற்றுவது சரியில்லை. இதையெல்லாம் காரணத்தோடு பேசி அனுப்பினேன்.

மட்டக்களப்புத் தம்பி உடனே எழுதினான்: "டீச்சர், நாய் முதலாவதா? அந்தச் சத்தம் ரேடியோ பழுதான மாதிரியெல்லோ கிடக்கு! உங்கட காதுக்கு என்ன நடந்தது?"

"என் காதுக்கு ஒன்றுமில்லை தம்பி. இயர்போனில் இல்லாமல், திறந்த வெளியில் கேட்டுப் பாருங்கள்" என்று எழுதினேன். பொதுவாக யாராவது மறுத்தால் நான் என் கருத்தைப் பாதி திருப்பி எடுத்துக்கொள்வேன். அன்று எடுக்கவில்லை.

வீட்டில் நாயை மிக மெல்லப் போட்டுக் காட்டினேன். பிள்ளை ஓடி வந்தாள். ஸ்பீக்கரை உற்றுப் பார்த்தாள். இரண்டு கையாலும் அதைத் தள்ளிவிட்டு, அழுதுகொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "வாடி என் தங்கம், உனக்காவது வெவரம் இருக்கே" என்றது அண்ணியின் குரல். அதன் பின் இயர்போன்தான். ஒரு காதில் மட்டும். மற்றக் காது பிள்ளைக்கு.

ஆனாலும் நான் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. கதவோரம் நின்று கூப்பிடுவேன். தண்ணீர் கொட்டும் பீலியடியில் நின்று கூப்பிடுவேன். சோறு ஊட்டும்போது முகத்தை மறைத்துக்கொண்டு கூப்பிடுவேன். திரும்புவாள். எதற்காகக் கூப்பிட்டேன் என்று பார்ப்பாள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் போய்விடுவாள். கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணியின் வாசலில் உட்கார்ந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. மறுபடி அடைத்துவிட்டதா? டொக்டர் எதையாவது கவனிக்காமல் விட்டாரா? திங்கட்கிழமை லீவு போட்டு முதல் பஸ்ஸில் பதுளைக்கு...

"ஏண்டி, காலையில இருந்து எத்தன தடவ அவள கூப்புடுற?" என்றார் அண்ணி. அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"திரும்பல அண்ணி. பாருங்க, திரும்பவே இல்ல."

அண்ணி குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன். என் மகள் உதட்டை இறுக மூடிக்கொண்டு, ஓரக்கண்ணால் என் காலைப் பார்த்தபடி, மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு நல்லாக் கேக்குது" என்றார் அண்ணி. "உன்னைய மதிக்கல. அவ்வளவுதான்."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றிலிருந்து, காரணம் இருந்தால் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை கூப்பிடுவது என்று தீர்மானித்தேன். கடினமாக இருக்கிறது. ஆனால் செய்கிறேன்.